விழாமலே முடங்குபவர்கள்

கீழே விழுந்ததற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில முதியவர்களுக்கு எலும்பில் முறிவு இல்லை, நரம்பிலும் குறை இல்லை. ஆனாலும் அவர்களால் நடக்க முடியவில்லை. எழுப்பி நிறுத்தினால் கைக்கு எட்டியதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் தயங்கித் தயங்கி அரையடி வைத்தார்கள், பிறகு அப்படியே நின்றுவிட்டார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் முதியோர் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் ஐசக்ஸும் அவருடைய சகா மர்ஃபியும் 1982-இல் இதைத் தனி நோய்நிலையாக மருத்துவ இதழில் எழுதினார்கள். நிற்கவும் நடக்கவும் பயப்படுவதை ஓர் அச்சநோயாகவே விவரிக்கும் கட்டுரை அதே ஆண்டில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. முதுமையில் நடை நின்றுபோவதற்கு மூட்டுத் தேய்மானத்தையும் வயதையும் மட்டுமே காரணம் காட்டிவந்த மருத்துவ உலகம், பயத்தையும் ஒரு காரணமாகக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

நம் வீடுகளில் இன்னும் அந்தக் கணக்கு தொடங்கவில்லை. "வயசாயிடுச்சு, கால் வரல" என்று சொல்லிவிடுகிறோம்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத விபத்துகளால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியாவைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டைத் தாண்டுவதில்லை.

இதே கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதியவர்கள் விழும் சம்பவங்களில் எலும்பு முறிவு வரை போவது ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை சிராய்ப்போடும் வீக்கத்தோடும் முடிகின்றன. சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிடும், பயம் தங்கிவிடும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறரைச் சாராமல் வாழ்ந்துவந்த 487 முதியவர்களை ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டு கவனித்து, 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் விழுந்தவர்கள் 219 பேர். அவர்களில் 70 பேர், அதாவது மூன்றில் ஒருவர், மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அந்த 70 பேரில் முக்கால்வாசி பெண்கள். இதுவரை ஒரு முறைகூட விழாதவர்களிடமும் இந்தப் பயம் உண்டு. தெருவில் ஒருவர் வழுக்கி விழுந்து படுக்கையாகிவிட்டார் என்ற செய்தியே அதற்குப் போதும்.

பயத்தை எப்படி அளப்பது? "பயமா இருக்கா?" என்று நேராகக் கேட்டால் பாதிப் பேர் இல்லையென்றுதான் சொல்வார்கள். ஆண்கள் நிச்சயம் அப்படித்தான் சொல்வார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டி 1990-இல் வேறு வழியில் கேட்டார். குளிப்பது, உடுத்துவது, அலமாரியிலிருந்து பொருளை எடுப்பது என்று அன்றாட வேலைகள் பத்தைச் சொல்லி, விழாமல் இதைச் செய்துவிட முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது அவர் கேள்வி. 2005-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதைப் பதினாறு கேள்விகளாக விரித்தார்கள். மணி அடித்து ஓய்வதற்குள் எழுந்துபோய்த் தொலைபேசியை எடுப்பது அவற்றில் ஒன்று. சரிவில் ஏறி இறங்குவது, ஈரத் தரையில் நடப்பது, கூட்டத்துக்குள் போவது, உறவினர் வீட்டுக்குப் போவது, விசேஷங்களில் கலந்துகொள்வது ஆகியவையும் உண்டு. இந்த வரிசையே ஒரு செய்தி சொல்கிறது. பயம் முதலில் பறிப்பது படிக்கட்டை. பிறகு கடைத்தெரு, பிறகு கல்யாண வீடு. மனிதர்களோடு இருந்த தொடர்பு ஒவ்வொன்றாக அறுபட்டு, கடைசியில் கட்டிலும் கழிப்பறையும் மட்டும் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் கேட்பதானால் கோயில் பிராகாரத்தில் அபிஷேக நீர் வழிந்த கல்தளத்தையும், முழங்கால் உயரத்துக்கு ஏறவேண்டிய பேருந்துப் படியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'இப்பல்லாம் கோயிலுக்குப் போறதில்ல, வீட்லயே கும்பிட்டுக்கறேன்' என்று ஒரு பாட்டி சொல்வதில் பக்தி குறைந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. அந்தக் கல்தளம்தான் அவரைத் தடுத்திருக்கும்.

பயம் மனதோடு நிற்பதில்லை, உடம்பை மாற்றிவிடுகிறது. கனடாவில் நடந்த சோதனைகளில் திடகாத்திரமான இளைஞர்களை உயரமான மேடையின் விளிம்பில் நிற்கவைத்தார்கள். தரையில் நிற்கும்போது மனித உடம்பு மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டேதான் இருக்கும், சமநிலை அந்த அசைவில்தான் இருக்கிறது. மேடை விளிம்பில் அந்த இளைஞர்களின் கணுக்கால்கள் விறைத்தன, உடம்பு விளிம்பிலிருந்து விலகிப் பின்புறமாகச் சாய்ந்தது, அசைவு சிறுத்துப் படபடத்தது. பயந்த முதியவருக்குக் கூடத்துத் தரையே அந்த மேடை விளிம்பு. அவர் முழங்காலை இறுக்குகிறார், அடியைச் சுருக்குகிறார், பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடக்கிறார். தேய்த்து நடக்கிற பாதம் வாசற்படியிலும் மிதியடி ஓரத்திலும் தடுக்கும். விறைத்த உடம்பு தடுக்கினால், சட்டென்று ஒரு காலை முன்னே வீசித் தாங்கிக்கொள்ளாது.

கண்ணும் ஏமாற்றும். கால் வைக்கவேண்டிய இடத்தைப் பாதம் தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் இயல்பு. பதற்றம் மிகுந்த முதியவர்களின் பார்வை, வைத்த கால் தரையில் பதியும் முன்பே அடுத்த தடையைத் தேடிப் போய்விடுகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. வரப்போகும் ஆபத்தைப் பற்றிய கவலையில், இப்போது வைக்கும் அடி தப்புகிறது. ஸ்வீடனின் உமியா நகரத்து ஆய்வாளர்கள் 1997-இல் 'லான்செட்' இதழில் எழுதியது இன்னும் எளிமையானது. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேருடன் நடந்தபடியே பேச்சுக் கொடுத்தார்கள். பேச்சு தொடங்கியதும் 12 பேர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்தப் 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். தானாக நடக்கவேண்டிய நடைக்கு முழுக் கவனமும் தேவைப்படத் தொடங்கிவிட்டால், வேறு எதற்கும் கவனம் மிஞ்சாது. பயம் செய்வதும் இதையேதான், கவனத்தையெல்லாம் தானே தின்றுவிடுகிறது.

இதற்குப் பிறகு வருவது தசை இழப்பு. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்கள் சிலரை ஓர் ஆய்வுக்காகப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டதாக 2007-இல் வெளிவந்த முடிவு சொல்கிறது. நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி. 'ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா' என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தைக்கு என்ன விலை என்பதை இதிலிருந்து யோசிக்கலாம். முதலில் வருவது விழுவதா, பயமா என்ற கேள்வியை அமெரிக்காவின் மேரிலாந்தில் 2,212 பேரை இருபது மாத இடைவெளியில் இரு முறை விசாரித்து ஆராய்ந்தார்கள். விழுந்தவர்களுக்குப் பின்னால் பயம் வந்தது. பயந்திருந்தவர்கள் பின்னால் விழுந்தார்கள். எது முன்னே வந்தாலும் மற்றதைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

அப்படியானால் தைரியம் சொன்னால் போதுமா? போதாது. இந்த இடத்தில் சிட்னியில் நடந்த ஆய்வு முக்கியமானது. 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரின் பார்வை, கால் வலு, பாத உணர்ச்சி, சமநிலை எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வொருவருக்கும் விழும் ஆபத்து உண்மையில் எவ்வளவு என்று கிம் டெல்பேரும் ஸ்டீஃபன் லார்டும் குழுவினரும் கணித்தார்கள். அதை அவரவர் பயத்தோடு ஒப்பிட்டார்கள். 2010-இல் வந்த முடிவு இது: ஆபத்தும் குறைவு, பயமும் குறைவு என்று 29 சதவீதம். ஆபத்து இருக்கிறது, பயமும் இருக்கிறது என்று 40 சதவீதம். ஆக, பெரும்பாலோரின் பயம் தங்கள் உடம்பைச் சரியாகவே எடைபோட்டிருந்தது. மிச்சம் இருந்தவர்களில் ஒரு பிரிவினர், அதாவது மொத்தத்தில் 11 சதவீதம் பேர், உடம்பு நன்றாக இருந்தும் பயந்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகம் இருந்தன, அவர்கள் விழுவதும் அதிகமாக இருந்தது. 20 சதவீதம் பேருக்கு உடம்பு தளர்ந்திருந்தும் பயம் இல்லை. இவர்கள்தான் கண்மூடித்தனமாக நடந்து அதிகம் விழுந்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. அவர்கள் வாழ்க்கையை நம்பிக்கையோடு பார்த்தார்கள், வெளியே போனார்கள், ஊர்க்காரியங்களில் கலந்துகொண்டார்கள். அதுவே அவர்களுக்குக் காப்பாக இருந்தது.

ஆகவே, முதலில் கேட்கவேண்டியது இந்தப் பயம் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதை. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போன ஒருவர் 'தரையே தெரியல' என்று சொன்னால் அது மனப்பிரமை அல்ல, அவருக்கு உண்மையிலேயே தரை தெரியவில்லை. இரத்த அழுத்த மாத்திரை போட்டவருக்குக் கட்டிலைவிட்டு எழுந்ததும் கிறுகிறுப்பு வந்தால், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் திரும்பப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை விழும் ஆபத்தைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆனால் அதை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண்புரை இன்னொரு காரணம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களில் ஒரு பாதியினருக்குப் புரை அறுவை சிகிச்சையை உடனே செய்தார்கள், மறுபாதியினரை வழக்கம்போல ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். உடனே செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது, அவர்களுடைய தன்னம்பிக்கையும் கூடியது. நம் ஊரில் ஒரே நாளில் முடிந்துவிடும் இந்தச் சிகிச்சையை 'இன்னும் முத்தட்டும்' என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடும்பத்தின் பங்கைத் தனியாகப் பேசியாக வேண்டும். அம்மா ஒரு முறை வழுக்கி விழுந்த மறுநாளிலிருந்து வீட்டின் மொழியே மாறிவிடுகிறது. "எந்திரிக்காதீங்கம்மா, நான் எடுத்துத் தரேன்." "மாடிக்கு எதுக்கு? துணிய நான் காயப்போடறேன்." வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் கூப்பிட்டு, "எங்கயும் போகாதீங்கம்மா, ப்ளீஸ்" என்கிறான். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கோ, மறுபடி விழுந்தால் பழி தன் மேல் வரும் என்ற கவலை வேறு. எல்லாம் அக்கறைதான், யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் தண்ணீர்ச் செம்பை எழுந்துபோய் எடுப்பது, வாசல் வரை நடந்து கீரைக்காரியிடம் விலை பேசுவது, கொடியில் துணி போடக் கையை உயர்த்துவது எல்லாம் அந்த உடம்புக்கு நாள்தோறும் கிடைத்துவந்த பயிற்சி. அதைப் பறித்துவிட்டு, பிறகு 'பிசியோதெரபிக்கு ஆள் வரச் சொல்லலாமா' என்று யோசிப்பதில் என்ன பொருள்?

முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நாம் உணர்வதே இல்லை. 75 வயதைத் தாண்டிய 194 பெண்களிடம் சிட்னியில் நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. இடுப்பெலும்பு மோசமாக முறிந்து, சொந்த வீட்டை விட்டுப் பராமரிப்பு இல்லத்தில் பிறர் கையை நம்பி வாழும் வாழ்க்கையா, சாவா என்று வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. 80 சதவீதம் பேர் சாவே மேல் என்றார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளைகள் கொடுப்பது, பெரியவர்கள் அதிகம் அஞ்சுகிற அந்த வாழ்க்கையின் சிறு வடிவமாகிவிடக் கூடாது.

செய்யவேண்டியது, வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பது. மாடிப்படியில் ஏறும்போது ஓர் அடி பின்னாலும், இறங்கும்போது ஓர் அடி முன்னாலும் நிற்கலாம். கையைப் பிடித்து இழுக்காமல், அவர் நம் முன்கையைப் பிடித்துக்கொள்ள விடலாம். கைத்தடி வேண்டும் என்றால் கௌரவம் பார்க்காமல் வாங்கித் தரலாம், ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். ஒரு காலில் வலி இருந்தால் எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் கால் பக்கமே பிடித்து நடக்கிறார்கள், யாரும் சொல்லித்தரவில்லை என்பதால்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தப் பயத்தை உடற்பயிற்சியால் குறைக்க முடியும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 70 வயதைத் தாண்டிய 200 பேரைக் கொண்டு நடந்து 1996-இல் வெளிவந்த ஆய்வில், தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைப் பதினைந்து வாரம் கற்றவர்கள் மீண்டும் மீண்டும் விழும் ஆபத்து 47.5 சதவீதம் குறைந்தது. பயமும் குறைந்தது. நியூசிலாந்தின் டுனெடினில் 80 வயதைத் தாண்டிய 233 பெண்களில் ஒரு பாதியினருக்கு, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே நான்கு முறை வந்து கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஓராண்டில் அந்தக் குழுவில் 88 முறை விழுந்திருந்தார்கள், மற்றக் குழுவில் 152 முறை. ஒட்டாகோ முறை என்று உலகமெங்கும் பரவியிருப்பது இதுதான். 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் விழுவது 23 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது.

எந்தப் பயிற்சியும் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பது இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, ஆனால் அதுமட்டும் விழுவதைத் தடுப்பதில்லை. சமநிலைக்குச் சற்றே சவால் விடவேண்டும். கையால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடப்பது, பக்கவாட்டில் நடப்பது. பிடித்துக்கொள்ள உறுதியான ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, கையூன்றி எழுவது. பிரேசிலின் ரியோ நகரில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். கையோ முழங்காலோ ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, பல ஊன்றல்கள் தேவைப்பட்டவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் இறந்தார்கள் என்று 2012-இல் தெரியவந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. கால் வலு, இடுப்பின் வளைவு, சமநிலை மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் எழ முடியும் என்பதால், அது உடம்பின் நிலையைக் காட்டுகிறது. மூட்டு அனுமதிக்கும்வரை அந்தப் பழக்கத்தை விடாமல் இருப்பது லாபம்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு இந்தியாவில் முதலில் தொடங்கியது 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை இத்திட்டத்தில் வாங்குகிற பலருக்கு இதுவும் உண்டு என்று தெரிவதில்லை. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் 'விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு' என்று சொல்வதும் ஒரு நோயைச் சொல்வதுதான் என்று முதியவர்களுக்கு யாராவது எடுத்துச்சொல்ல வேண்டும்.

கடைசியாக, பயத்தின் அடியாழத்தில் இருக்கும் ஒன்று. விழுவதைவிட, விழுந்து எழ முடியாமல் கிடப்பதுதான் பலரை உலுக்குகிறது. அந்தப் பயம் பொய்யல்ல. 90 வயதைத் தாண்டியவர்களைக் கேம்பிரிட்ஜில் ஓராண்டு கவனித்தபோது, விழுந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் போனார்கள், 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அதனால் எழுந்திருக்கக் கற்றுக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. துணைக்கு ஒருவர் இருக்கும்போது, நல்ல உடல்நிலையில், ஒரு பாயில் படுத்துப் பழகலாம். பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி, மெல்ல மண்டியிட்டுத் தவழும் நிலைக்கு வர வேண்டும். அசையாத நாற்காலி அல்லது கட்டில் வரை தவழ்ந்து, இரு கைகளையும் அதன் மேல் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னே தரையில் பதித்து, கையாலும் காலாலும் உந்தி எழுந்து, அப்படியே திரும்பி உட்கார வேண்டும். சற்று இளைப்பாறிய பிறகே நடக்கலாம். விழுந்த இடத்தில் இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால் எழ முயலக் கூடாது, மற்றவர்களும் அவசரப்பட்டுத் தூக்கிவிடக் கூடாது. 108-க்குச் சொல்லிவிட்டு, போர்த்திப் படுக்கவைத்திருக்க வேண்டும்.

தனியாக இருப்பவர்கள் செல்போனை அலமாரி மேல் வைக்காமல் மடியிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளட்டும். இரவில் தரையிலிருந்து எட்டும் உயரத்தில் வைக்கட்டும். குளியலறைக் கதவை உள்தாழ் போடாமல் சாத்திக்கொண்டால் போதும். வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கட்டும்.